பட்டம் பெறுமுன் பிள்ளை வாழ வேண்டும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாள் தமிழ்க் கிராமங்களுக்கு ஒரு திருநாளாகும். பல்கலைக் கழகத்துக்குத் தெரிவான பிள்ளையின் வீட்டுக்கு ஊரே திரண்டு செல்கின்றது. கோயிலில் பொங்கல் நடக்கின்றது. பாடசாலையில் மாலையும் பொன்னாடையும் குவிகின்றன. இவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும், அந்தப் பிள்ளை பெட்டியுடன் பேருந்தேறிச் சென்ற மறுநாள் முதல் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எப்போது பட்டம்?" வேளைக்கு உண்கின்றாயா, இரவில் உறங்குகின்றாயா, மனம் விட்டுப் பேச அங்கே ஒருவர் உளரா என்று கேட்பவர் மிகச் சிலரே. பிள்ளை எவ்வாறு வாழ்கின்றது என்பதை அறியாமலே அதன் பட்டத்துக்கு நாட்பார்த்துக் காத்திருக்கும் சமூகமாக நாம் இருந்து வருகின்றோம். இந்நிலை மாற வேண்டும் என்பதை எடுத்துரைக்கவே இன்று எழுதுகின்றோம்.

திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியை எடுத்துக்கொள்வோம். மூதூருக்குத் தெற்கே, வயலும் வாய்க்காலும் சூழ்ந்த கமக்காரர் ஊர் அது. 1985இல் அவ்வூர் கண்ட கொடுமையை முதியோர் மறக்கவில்லை. அயலிலுள்ள குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆந் தேதி பொதுமக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். இருபது ஆண்டுகள் இழுபட்ட அவ்வழக்கில், 2016இல் எதிரிகள் விடுதலை செய்யப்பட்டனர். 2006இல் போர் மூண்டபோது சம்பூர்ப் பகுதியிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல, கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காகத் தகரக் கூரையின் கீழ்க் காலங் கழித்தன. அத்தகைய மண்ணிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக் கழகத்துக்குப் போகின்றதென்றால் அது தனியே போகவில்லை. இழந்த உயிர்களுக்கும் இழந்த நிலத்துக்கும் இழந்த காலத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டிய கடனையும் அதன் தோளில் ஏற்றியே ஊர் அனுப்புகின்றது. பதினெட்டு, இருபது வயதுத் தோள் ஒன்று தாங்கக்கூடிய பாரமா அது?

இந்தப் பாரம் இவ்வளவு கனத்தது ஏன் என்பதற்குக் காரணமும் உண்டு. இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல் எழுப்பியவர்களின் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் பல்கலைக் கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக் கழகமும் தோன்றின. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் ஏழைக் கமக்காரன் மகனுக்கும் அந்தக் கதவு திறந்தது. எழுபதுகளில் வந்த தரப்படுத்தல் அதே கதவைத் தமிழ் மாணவர் பலருக்கு இறுக்கியது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு ஏற்பட்டது. திறமை அடிப்படையில் நூற்றுக்கு 40, மாவட்டச் சனத்தொகை அடிப்படையில் 55, கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்பது அதன் கணக்கு. அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் ஒன்று. கிழக்கு மண்ணிலே 1981இல் வந்தாறுமூலையிற் பல்கலைக் கழகக் கல்லூரி எழுந்தது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக் கழகமாயிற்று. அதன் திருகோணமலை வளாகம் 2001இல் உருவாயிற்று. இத்தனை போராட்டத்தின் பின் கிடைக்கும் ஓர் இடத்தை உயிரினும் பெரிதாக மக்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த இடத்தைவிட அதில் அமரும் பிள்ளை பெரிது என்பதை மறந்துவிட்டால், நாம் எதற்காகப் போராடினோம்?

பிள்ளை அங்கே சந்திக்கும் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். முதலாவது வயிற்றுப்பாடு. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல உதவுதொகை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த உயர்ந்த தொகையையே முப்பது நாளுக்குப் பகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 250 ரூபா வருகின்றது. மூன்று வேளை உணவும், பிரதி எடுக்கும் செலவும், ஊருக்கு வந்துபோகும் பேருந்துக் காசும் இதற்குள் அடங்குமா என்பதைக் கமக்காரரும் உத்தியோகத்தரும் தாமே கணித்துக் கொள்ளலாம். காலை உணவை விடுத்துத் தேநீரோடு நாளைக் கழிக்கும் மாணவர் எந்த வளாகத்திலும் உளர். பசியோடு விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்பவரை நோக்கி, "கவனம் சிதறுகின்றது, ஊக்கம் குறைந்துவிட்டது" என்று பழிப்பதில் என்ன நியாயம் இருக்கின்றது?

இரண்டாவது மொழி. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் படித்து, தமிழிற் பரீட்சை எழுதி, தமிழிலே சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளை, மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகிய பீடங்களில் ஒரே இரவில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருக்கின்றது. பாடசாலையில் முதல்வனாக இருந்தவன் முதல் அரையாண்டிலேயே பின்வாங்கிலில் மௌனமாகின்றான். தன் அறிவு குறைந்துவிட்டதென்று அவன் நம்பத் தொடங்குகின்றான். குறைந்தது அறிவன்று, பழக்கமில்லாத மொழியில் அந்த அறிவு தற்காலிகமாக ஊமையாகி நிற்கின்றது. இதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் இருந்தால் ஓராண்டிலே தேறிவிடுவான். இல்லாவிட்டால் அந்த மௌனம் நோயாக முற்றும்.

மூன்றாவது, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கிய அச்சம். 2006 சனவரி 2ஆந் தேதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டதை இம்மாவட்டத்துத் தாய்மார் மறப்பரோ? "வெளியே போகாதே, எவரோடும் சேராதே, அறைக்குள் இருந்து படி" என்று அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவதை நாம் குறைகூற மாட்டோம். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டளை இருமடங்கு. ஆனால் ஓர் ஊரைக் காத்த எச்சரிக்கையே, வேற்றூரின் விடுதி அறையில் ஒரு பிள்ளைக்குச் சிறையாகிவிடக் கூடும். தனிமையில் அடைபட்ட மனம் சிறு துன்பத்தையும் பெரிதாக்கிக் காட்டும். விளையாட்டுத் திடலும் நண்பர் கூட்டமும் கோயில் முன்றிலும் படிப்புக்குப் பகையல்ல. படிப்பைத் தாங்கும் தூண்கள் அவை.

இதற்கு நம்மவர் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்த பல்கலைக் கழகத்தை, மாணவர் தங்கி வாழும் கழகமாகவே சேர் ஐவர் ஜெனிங்ஸ் அமைத்தார். விரிவுரை மண்டபங்களோடு விடுதிகளும் விளையாட்டு மைதானங்களும் அங்கே எழுந்தன. இராமநாதன், அருணாசலம் ஆகியோர் பெயர்களை இரு விடுதிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. 1960களில் அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமங்களின் வடமோடிக் கூத்தைப் பல்கலைக் கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மாணவரே ஆடினர். மட்டக்களப்பிலிருந்து சென்று அம்மேடையில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளிற் கிழக்குப் பல்கலைக் கழகத்தின் பேராசிரியரானார். ஊரிலிருந்து வந்த பிள்ளை தன் ஊரின் கலையோடு தலைநிமிர்ந்து நிற்கும் இடமாக அப்பல்கலைக் கழகம் அன்று விளங்கியது. ஆடிய நேரம் படிப்பைக் கெடுத்தது என்று எவராவது சொல்லத் துணிவரா?

கமக்காரப் பெருமக்களுக்கு இந்தச் சமநிலையை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. சிறுபோகத்திற் குளத்து நீர் வற்றினால் அவர்கள் என்ன செய்கின்றனர்? கூட்டம் கூடி, முறை வைத்து, இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று பகிர்ந்து பாய்ச்சுகின்றனர். ஒரே வயல் எல்லா நீரையும் குடித்தால் அதன் பயிர் அழுகும், மற்றவை கருகும். மாணவரின் நாளும் அத்தகைய குளமே. அதன் இருபத்து நான்கு மணியில் உறக்கத்துக்கு ஒரு முறை, உணவுக்கு ஒரு முறை, உடல் வியர்க்கும் உழைப்புக்கு ஒரு முறை, உறவுக்கு ஒரு முறை, நூலுக்கு ஒரு முறை உண்டு. இளையோருக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் வேண்டுமென மருத்துவர் கூறுகின்றனர். பகலிற் கற்றது நினைவிற் பதிவது உறக்கத்திலேதான் என்பதும் அவர்கள் ஆய்ந்து கண்டது. பரீட்சைக்கு முதல்நாள் விடியும்வரை கண்விழித்துப் படிப்பதை வீரமென நாம் புகழ்ந்து வந்திருக்கின்றோம். விதைத்த நெல்லை முளைக்க விடாமல் இரவெல்லாம் கிளறிக்கொண்டிருக்கும் வேலை அது. நள்ளிரவில் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் கழியும் மணிகளும் இதே கணக்கிற் சேரும்.

இனி, யாவற்றிலும் கொடிய இடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குப் பகிடிவதை என்று பெயர். பகிடி என்ற முற்பாதியை நம்பி ஏமாறுவோர் பலர். வதை என்ற பிற்பாதியே அதன் மெய்ப்பொருள். 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்தில் தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதையென்ற பெயரிற் சுமத்தப்பட்ட கடும் உடற்பயிற்சியின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அடுத்த ஆண்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் வரைவிலக்கணத்தை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். மாணவர் ஒருவருக்கோ ஊழியர் ஒருவருக்கோ உடலூறு மட்டுமன்றி, உளப் பாதிப்பையோ மனவேதனையையோ அச்சத்தையோ விளைவிக்கும், அல்லது விளைவிக்கக்கூடிய எச்செயலும் பகிடிவதையாகும். குற்றவாளிக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை உண்டு, நட்டஈடும் கட்டளையிடப்படலாம். பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ ஏற்படுத்தினால் பத்தாண்டு வரை சிறை உண்டு. அடிபட்ட தழும்பைக் காட்டினாற்றான் வழக்கு என்ற எண்ணம் பிழையானது. மனம் நொந்ததையே சட்டம் காயமாக ஏற்றுக்கொண்டு ஆண்டுகள் பல கழிந்துவிட்டன.

அப்படியிருக்க, தமிழ் வளாகங்களிலேயே தமிழ் மாணவர் தமிழ் மாணவரை வதைக்கும் இழிநிலை ஒழிந்ததா? இல்லை. "நாங்கள் பட்டோம், நீங்களும் படுங்கள்" என்பதே சிரேட்ட மாணவரின் நியாயம். இந்த நியாயத்தைச் சற்று விரித்துப் பாருங்கள். நேற்று எமக்கு அநீதி நடந்தது, ஆகவே இன்று எமக்குக் கீழே உள்ளவனுக்கு அதை நாம் செய்யலாம் என்பதுதானே அதன் பொருள்? சமத்துவமும் மாண்பும் கேட்டு முக்கால் நூற்றாண்டாகக் குரல் எழுப்பிவரும் ஓர் இனத்தின் பிள்ளைகள், புதிதாக வந்த தம்பியை முழந்தாளிட வைத்துப் பெருமை கொள்வது எமது கோரிக்கையின் வேரையே அறுப்பதாகும். ஆளும் தரப்பின் ஆணவத்தைக் கண்டிக்கும் உரிமை, விடுதி அறையில் தான் ஆணவம் கொள்ளாதவனுக்கே உண்டு. தம்பி, தங்கை என்று அழைத்துத் தன் குறிப்பேட்டைக் கொடுக்கும் சிரேட்ட மாணவனே எம் மதிப்புக்குரியவன்.

சட்டத்தின் வரலாற்றில் 1998ஆம் ஆண்டுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தவரைத் தண்டனைக்குரியவராகக் கருதிய பிரிவு, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் நூறு ஆண்டுக்கு மேலாக இருந்து வந்தது. 1998இலே அப்பிரிவு நீக்கப்பட்டது. ஒரே ஆண்டிற் செய்யப்பட்ட இவ்விரு மாற்றங்களையும் சேர்த்து வாசித்தால் ஒரு பெரிய நீதி புலப்படும். வதைப்பவர் குற்றவாளி, வதைபட்டு மனமுடைந்தவர் குற்றவாளி அல்லர். இதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. எமது வீடுகளும் ஊர்களும் இன்னும் ஏற்கவில்லை. படிப்பை நடுவில் நிறுத்தித் திரும்பிய பிள்ளையைப் பார்த்து "ஊர்மானத்தை வாங்கிவிட்டாய்" என்கின்றோம். மனநல மருத்துவரிடம் போனதாகக் கேள்விப்பட்டால் கலியாணப் பேச்சு முறிகின்றது. நீதிமன்றம் கைவிட்ட வழக்கை நாம் திண்ணையில் இருந்து நடத்திக்கொண்டிருக்கின்றோம்.

மனமுடைவு கடந்து போகக்கூடியது என்பதற்கும் இந்நாட்டிலேயே ஆதாரம் இருக்கின்றது. 1995இல் இலங்கையில் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டில் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. துன்பம் பாதியாகியதால் நேர்ந்ததன்று இது. அந்தக் கொடிய நாழிகையைக் கடந்தவர் பிழைத்தனர். பிழைத்தவர் பின்னர் வாழ்ந்தனர் என்பதே இதன் பொருள். ஆதலால் வயலுக்கு வாங்கிய மருந்தைப் பூட்டி வைப்பது கமக்காரரின் கடமை. மனம் சோர்ந்த பிள்ளையைத் தனியே விடாதிருப்பது அனைவரின் கடமை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை ஒவ்வொரு மாணவரும் மனத்தில் வைத்திருத்தல் நன்று. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலவே மனநோவுக்கும் போகலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

பல்கலைக் கழகங்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. விரிவுரையாளரையே மாணவ ஆலோசகராக நியமிக்கும் வழக்கம் இருந்து வருகின்றது. அவர்களுள் அன்பும் பொறுமையும் உடையோர் பலர் உளர் என்பதை அறிவோம். ஆயினும், தன் விடைத்தாளுக்குப் புள்ளியிடுபவரிடமே தன் மனத்தைத் திறந்து காட்ட எந்த மாணவன் துணிவான்? பரீட்சையோடு தொடர்பில்லாத, உளவியலிற் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும். அவர் மாணவரின் தாய்மொழியில் பேசுபவராகவும் இருத்தல் வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் நிருவாகத்தில் மொழியுரிமைகளை விரித்துரைத்தது. தென்னிலங்கைப் பல்கலைக் கழகங்களிற் பயிலும் தமிழ் மாணவருக்குத் தமிழறிந்த ஆலோசகர் வேண்டுமென்பது அந்த உரிமையின் நேர்விளைவேயாகும். விண்ணப்பப் படிவத்தை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். அழுகையை மொழிபெயர்க்க ஆள் வைக்க முடியாது.

பிறரிடம் கேட்பதோடு நின்றுவிடலாகாது. கிளிவெட்டி, மூதூர், சம்பூர், வெருகல் ஊர்களிலிருந்து இவ்வாண்டு செல்லவிருக்கும் பிள்ளைகளுக்காக நாமே செய்யக்கூடியவை நான்கு. முதலாவதாக, அவர்கள் புறப்படுமுன் பாடசாலையிற் கூட்டம் கூட்டிப் பகிடிவதைச் சட்டத்தைத் தமிழில் விளக்க வேண்டும். இப்பணிக்குச் சட்டத்தரணிகள் கட்டணமின்றி முன்வர வேண்டும். இரண்டாவதாக, திருகோணமலையிலும் வெளியூர்களிலும் பணிபுரியும் மருத்துவர், ஆசிரியர், பொறியியலாளர் ஒவ்வொருவரும் ஒரு மாணவரைத் தம் பொறுப்பில் ஏற்று மாதம் ஒருமுறை நேரிலோ தொலைபேசியிலோ பேச வேண்டும். மூன்றாவதாக, பொங்கலுக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை முதலாண்டு மாணவரின் உணவு நிதிக்கு ஒதுக்க வேண்டும். நான்காவது செலவற்றது, ஆயினும் மிகக் கடினமானது. பிள்ளையோடு பேசும்போது பெற்றோர் முதலிற் கேட்பது புள்ளியைப் பற்றியதாக இருக்கலாகாது. "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், மகனே?" என்று கேளுங்கள், மறுமொழிக்குக் காத்திருங்கள். அந்த மௌனத்தில் அவன் சொல்லாததும் உங்கள் காதில் விழும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் உடலும் மனமும் ஊருக்குக் கொடுக்க வேண்டிய கடனின் அடமானப் பொருள்கள் அல்ல. நீங்கள் நலமாக வாழ்வதே எம் மக்களின் முதற் செல்வம். பட்டம் அதற்குப் பின் வருவது. ஒரு பாடத்திற் தவறினால் மீண்டும் எழுதலாம். ஓராண்டு பிந்தினால் ஓராண்டு பிந்திப் பட்டம் பெறலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை, உங்கள் முன்னோர் திருகோணமலைக்குப் போகத் துறைகளில் ஓடத்துக்குக் காத்திருந்தனர். ஓடம் பிந்தியதற்காக எவரும் பயணத்தைக் கைவிடவில்லை. காத்திருந்ததற்காக எவரும் அவர்களை இகழவுமில்லை.

பிள்ளைகளை இழந்து இழந்து மெலிந்த இனம் நாம். போரிலும் இடப்பெயர்விலும் இழந்தவரை மீட்க எம்மால் இயலாது. ஆனால் அமைதிக் காலத்தில், விளக்கெரியும் விடுதி அறையில், உதவி கேட்க வெட்கப்பட்டு ஒரு பிள்ளை ஒடுங்கிப் போவதைத் தடுக்க எம்மால் இயலும். அதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை. புதிய சட்டமும் வேண்டியதில்லை. இன்றிரவே தொலைபேசியை எடுத்து உங்கள் பிள்ளையை அழையுங்கள்.